பாலைக்குள் ஒரு மலைநாடு

சகாராவின் நட்டநடுவில் மீன் வாழ்கிறது. பாறை இடுக்குகளில், வெயில் எளிதில் எட்டாத கல்தொட்டிகளில் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர்தான் அதன் உலகம். அரபு பேசுகிற சகாராவாசிகள் அத்தகைய தொட்டியைக் கெல்தா என்கிறார்கள்; நம் மலைகளில் சுனை என்போம். அங்கிருந்து வடக்கே மத்தியதரைக் கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டர். தெற்கே சாட் ஏரிக்கும் பல நூறு கிலோமீட்டர். இடையில் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்துச் சிற்றூரான பர்தாயில் ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சராசரியாகப் பெய்வது சுமார் 12 மில்லிமீட்டர் மழை. அந்தச் சுனைகளில் கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன்கள் நீந்துகின்றன. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் ரோகு மீனின் பேரினமான லேபியோவைச் சேர்ந்தவைகூட அவற்றில் உண்டு.

யாரும் கொண்டுவந்து விடவில்லை. பின் எப்படி வந்தன? இதற்குப் பதில் சொல்ல, திபெஸ்தி என்ற அந்த மலைத்தொடரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

திபெஸ்தியின் பெரும்பகுதி சாட் நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கொஞ்சம் எல்லை தாண்டி லிபியாவுக்குள் போகிறது. தலைநகர் இன்ஜமேனாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு, அதுவும் பெரும்பாலும் சாலையே இல்லாத தொலைவு. மலைத்தொகுதியின் பரப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர். இதன் தெற்கு முனையில் நிற்கும் எமி குசி என்ற எரிமலைதான் சகாரா முழுவதிலும் உயரமான இடம். பழைய அளவீடு 3,415 மீட்டர் என்கிறது. விண்ணிலிருந்து எடுத்த அளவீடுகள் இன்னும் சில மீட்டர் கூட்டிச் சொல்கின்றன. சுற்றியிருக்கும் சமவெளியோ கடல்மட்டத்துக்குச் சில நூறு மீட்டர் மேலேதான். ஆக, சரளையும் மணலுமாகக் கிடக்கும் தட்டையான தரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு நாடே தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது.

தூக்கி நிறுத்தியது எது? பொதுவாக எரிமலைகள் நிலத்தட்டுகளின் விளிம்பில் வரும். ஜப்பானும் இந்தோனேசியாவும் அப்படி. திபெஸ்தியோ ஆப்பிரிக்கத் தட்டின் உட்பகுதியில், எந்த விளிம்புக்கும் வெகுதூரத்தில் இருக்கிறது. இங்கே அடித்தளம் மிகப் பழைய பாறை. உயிர்கள் கடலை விட்டுக் கரையேறுவதற்கு முன்பே உருவாகி முறுகி இறுகிப் போனது. அதன் மேல் பல யுகங்களாகப் படிந்த மணற்கல். இந்த இரண்டையும் கீழிருந்து ஏதோ ஒன்று நெம்பியது. புவியின் ஆழத்திலிருந்து சூடான பொருள் மெல்ல மேலெழுந்து நிலத்தைக் குவிமாடமாக உப்ப வைத்தது என்பது ஒரு விளக்கம். பழைய விரிசல்கள் மீண்டும் திறந்துகொண்டு கற்குழம்புக்கு வழிவிட்டன என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே எரிமலைக் குழம்பு வழியத் தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்கத் தட்டு மிக மெதுவாக நகர்வது என்பதும் இதில் சேர்ந்துகொண்டது. வேகமாக நகரும் பசிபிக் தட்டில், அடியிலுள்ள வெப்பம் ஹவாய்த் தீவுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பித்தது. இங்கே அப்படி வரிசை விழவில்லை. வந்த குழம்பெல்லாம் அதே இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தது.

எமி குசியைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது மலையாகவே தோன்றாது. கூரிய சிகரம் இல்லை. தரையில் கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி அடிவாரம் 60 கிலோமீட்டருக்கும் மேல் பரந்து, சரிவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். நீர்த்த குழம்பு வேகமாக வழிந்து பரவினால் மலைக்கு இந்த வடிவம்தான் கிடைக்கும். மேலே போனால் உச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரும்பள்ளம்: நீளம் 15, அகலம் 12 கிலோமீட்டர் அளவில். அடியில் இருந்த கற்குழம்பு வெளியேறியபின் தாங்க ஆளில்லாமல் மலையின் தலை உள்ளே அமிழ்ந்ததால் வந்த கால்டெரா அது. அந்தப் பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம். எரா கொஹோர் என்று பெயர். மூன்று கிலோமீட்டர் அகலம், சுமார் 350 மீட்டர் ஆழம், அடியில் வெள்ளை வெளேர் என்று உப்பு.

1977இல் மைக்கேல் மாலின் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இந்த மலையைச் செவ்வாய்க் கோளின் எலீசியம் எரிமலையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். செவ்வாயைச் சுற்றிய விண்கலங்கள் அனுப்பிய படங்களைப் புரிந்துகொள்ள பூமியில் அதற்கு இணையான ஓரிடம் தேவைப்பட்டது. மரம் மூடாத, மழை அதிகம் அரிக்காத, மனிதர் வெட்டிப் புரட்டாத எரிமலை வேண்டும். எமி குசி அதற்குப் பொருந்தியது. வேற்றுக் கோளைப் படிக்க அகராதியாக ஒரு சகாரா மலை பயன்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பாலையில் நிலம் எதையும் மறைப்பதில்லை. எந்தக் குழம்பு எந்தக் குழம்பின் மேல் ஓடியது என்பதை வானத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடலாம்.

திபெஸ்தியின் மேற்குப் பக்கம் தூசிதே என்றொரு எரிமலை இருக்கிறது, 3,265 மீட்டர். அதன் உச்சியில் இன்றும் ஆவி கசிகிறது. அதிலிருந்து வழிந்த குழம்பு இன்னும் நிறம் மங்காமல் கரிய விரிப்பாகக் கிடக்கிறது. அதை ஒட்டியே திபெஸ்தியின் மிகப் பெரிய அதிசயம். பிரெஞ்சுக்காரர்கள் அதை நேட்ரான் குழி என்று அழைத்தார்கள். உள்ளூர் தேதா மக்களுக்கு அது தூன். ஆறேழு கிலோமீட்டர் அகலம். விளிம்பில் நின்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கீழே தரை தெரியும். அந்தத் தரை வெள்ளை. வெள்ளையின் நடுவே சின்னச் சின்ன எரிமலைக் கூம்புகள் கறுப்பாக நிற்கின்றன. விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களில் இந்தக் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று தெரிகின்றன.

அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? எரிமலைப் பாறையில் சோடியம் நிறைய. மழைநீரும் அடியிலிருந்து ஊறும் வெந்நீரும் அதைக் கரைத்துக்கொண்டு பள்ளத்துக்கு வருகின்றன. குழிக்கு வெளியே போக வழியில்லை. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் செல்கிறது. காற்றிலும் எரிமலை வாயுவிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து அது சோடியம் கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் படிகிறது. இந்தக் கலவைதான் நேட்ரான். பழைய எகிப்தியர் இறந்த உடலைப் பதப்படுத்தப் பயன்படுத்தியது இதே பொருளைத்தான். அவர்களுக்கு அது நைல் நதிக்கு மேற்கே இருந்த இன்னொரு பள்ளத்தாக்கிலிருந்து கிடைத்தது. சாட் நாட்டில் நேட்ரான் இன்றும் கால்நடைகளுக்குக் கொடுக்கும் உப்பு.

நேட்ரான் மேலடுக்குதான். குழியின் சுவர்களிலும் தரையிலும் வேறொரு வெள்ளைப் படிவமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது டயாட்டம்களின் ஓடு. டயாட்டம் என்பது தண்ணீரில் வாழும் ஒற்றைச்செல் பாசி. சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்வது. இந்த ஓடுகள் கிடக்கும் உயரத்தைப் பார்த்தால், ஒரு காலத்தில் குழிக்குள் மிக ஆழமான நன்னீர் ஏரி நின்றிருக்க வேண்டும். சகாராவின் நடுவே, மலைத் தலையில், எரிமலை வாய்க்குள் ஏரி! 2015க்குப் பின் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இந்தப் படிவுகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்து வருகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று, மலை எப்படித் தண்ணீரைச் சேர்க்கிறது என்று பார்ப்போம். காற்று மேலே ஏறும்போது விரிந்து குளிர்கிறது; ஈரமில்லாத காற்றானால் ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி செல்சியஸ் வரை. சமவெளியில் கொதிக்கும் காற்று திபெஸ்தியின் சரிவில் ஏறி மூவாயிரம் மீட்டரைத் தொடும்போது முற்றிலும் வேறு காற்றாகிவிடுகிறது. அதில் இருக்கிற கொஞ்ச நஞ்ச ஈரமும் மேகமாகத் திரள வாய்ப்புண்டு. கோடையில் கினி வளைகுடாவிலிருந்து வரும் பருவக்காற்றின் கடைசி மூச்சு எப்போதாவது இதுவரை எட்டும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வடக்கிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கத்துத் தாழ்வுநிலைகள் எப்போதாவது வந்து தொடும். ஆகவே உச்சிகளில் பர்தாயைப்போலப் பல மடங்கு மழை பெய்கிறது. அதுவும் மற்ற நாடுகளின் கணக்கில் சொற்பம்தான். குளிர்கால இரவில் பர்தாயில்கூடத் தண்ணீர் உறையும். உயரங்களில் மிக அரிதாகப் பனியும் விழுவதுண்டு.

சராசரி என்ற எண்ணை நம்பி இந்த மலையைப் புரிந்துகொள்ள முடியாது. பல ஆண்டுகள் துளி விழாது. பிறகு ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும். மண்போர்வை இல்லாத பாறைச் சரிவு ஒரு சொட்டையும் உறிஞ்சாமல் அப்படியே கீழே அனுப்பிவிடும். தேதா மக்கள் என்னெரி என்று சொல்லும் வறண்ட பள்ளத்தாக்குகளில் சில மணி நேரத்துக்குள் காட்டாறு புரளும். 2024 ஆகஸ்டில் அப்படி ஒரு மழை வந்து, பாலைவனத்தில், வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வெள்ளம் வடிந்தபின் தண்ணீர் என்னெரிகளின் மணலுக்கடியில் இறங்கித் தங்கும். பேரீச்சைத் தோப்புகள் அந்த அடிநீரில்தான் நிற்கின்றன. பாறைப் பிளவுகளின் நிழலில் தேங்கியது சுனையாகும்.

இந்தத் தண்ணீரை நம்பி ஒரு தனி உலகம். தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் கருவேல இனங்கள், தமரிஸ்க் புதர், கிளைத்து வளரும் தூம் பனை. உகா மரமும் உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட கரையோரங்களில் இன்றும் நிற்கிற, சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் உகாய் என்ற பெயரில் வருகிற அதே மரம்தான். பல்குச்சியாக உலகின் பாதி அதை மென்றிருக்கிறது. மணலில் படர்ந்து கிடக்கும் பேய்க்குமட்டியின் கசப்பு விதைகளைக்கூடத் தேதா மக்கள் பலமுறை பக்குவப்படுத்தி, கசப்பு போக்கி, உணவாக்குகிறார்கள். மேலே ஏற ஏற மரம் குறைந்து குட்டைப் புதர்களாகும். எமி குசியின் உயர்ந்த பள்ளங்களில் எரிக்கா என்ற புதர்மரம் இருக்கிறது. அதன் நெருங்கிய உறவுகள் மத்தியதரைக் கடலோரத்திலும் கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலும். நடுவில் வெகுதூரத்துக்கு ஒன்றுமில்லை. பாறைச் சரிவுகளில் பார்பரிக் காட்டாடு தாவுகிறது. பபூன் குரங்குக் கூட்டமும் உண்டு. அதன் இனத்தார் வாழும் புல்வெளிகள் இன்று வெகு தெற்கே இருக்கின்றன.

மீனுக்கும் எரிக்காவுக்கும் பபூனுக்கும் பதில் ஒன்றே. இவை இங்கே வந்து சேர்ந்த காலத்தில் இந்த மலை பாலைக்கு நடுவே தீவாக இருக்கவில்லை.

பூமி தன் அச்சில் சுழலும்போது அச்சே மெல்லத் தள்ளாடுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில். சுமார் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் அது வட அரைக்கோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. கோடைச் சூரியன் அன்று இன்றைவிட வலுவாகக் காய்ந்தது. நிலம் கூடுதலாகச் சூடேறியது. சூடான நிலம் கடல்காற்றைக் கூடுதலாக இழுத்தது. ஆப்பிரிக்கப் பருவமழை வடக்கே வெகுதூரம் ஏறி வந்தது. நம் தென்மேற்குப் பருவமழையும் அதே காலத்தில் அதே காரணத்தால் வலுத்திருந்ததை அரபிக்கடலின் அடிவண்டல் காட்டுகிறது. சகாரா புல்வெளியானது. திபெஸ்தியின் என்னெரிகளில் ஆறுகள் ஓடின. தெற்குச் சரிவில் இறங்கியவை ஒரு மாபெரும் ஏரியில் கலந்தன. இன்றைய சாட் ஏரி அதன் மிச்சம். அன்றைய ஏரி காஸ்பியன் கடலோடு ஒப்பிடத்தக்க பரப்புடையது. அந்த ஏரியிலிருந்து ஆறுகளின் வழியே மீன்கள் மலைக்கு ஏறி வந்தன. மழை பின்வாங்கியபோது ஆறுகள் துண்டு துண்டாகி, கடைசியில் சுனைகள் மட்டும் எஞ்சின. மீன்கள் அவற்றுக்குள் நின்றுபோயின.

அந்தப் பசுமைக் காலத்தை மனிதரும் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள், கல்லில். பர்தாய்க்கு அருகே கோனோவா பள்ளத்தாக்கின் பாறைகளில் யானை, காண்டாமிருகம், மாடு, மனிதர் எல்லாம் செதுக்கப்பட்டிருக்கின்றன. மாட்டுக்குப் புல்லும் யானைக்கு மரமும் இருந்த நிலத்தைக் கண்ணால் கண்டவர்கள் செதுக்கியவை அவை.

அந்தக் காலம் எப்படி முடிந்தது என்பது முக்கியமான கேள்வி. அட்லாண்டிக் கடலடியில் எடுத்த மண்மாதிரிகள், சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் சகாரா திடீரென்று வறண்டது என்று காட்டின. திபெஸ்திக்குத் தென்கிழக்கே உனியாங்கா ஏரிகள் வேறு கதை சொல்லின. மொத்தம் பதினெட்டு ஏரிகள். 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. ஆண்டுக்கு மழை இரண்டு மில்லிமீட்டர். ஆவியாகிப் போவதோ ஆறு மீட்டருக்கு மேல். அப்படியும் வற்றவில்லை, ஏனென்றால் பசுமைக் காலத்தில் மணற்கல்லுக்குள் இறங்கிய பழைய நீர் அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கிறது. இவற்றுள் யோவா என்ற ஏரியின் அடியில் வண்டல் ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்திருக்கிறது. ஸ்டெஃபான் க்ரோப்பெலின் தலைமையிலான குழு அதைத் துளைத்து எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள மகரந்தத்தையும் மணலையும் எண்ணியது. 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, வறட்சி படிப்படியாக வந்தது. முதலில் மரங்கள் குறைந்தன, பிறகு புல், பிறகு மணல் கூடியது. எனக்கு இந்த ஏரியின் சாட்சியம் பெரிதாகப் படுகிறது. கடலடி மண் பெரும்பரப்பின் தூசியைத் திரட்டிச் சொல்கிறது. யோவாவோ சம்பவம் நடந்த இடத்திலேயே இருந்து, ஆண்டு தவறாமல் குறித்து வைத்திருக்கிறது.

திபெஸ்தியை உலகம் முழுவதோடும் கட்டுவது அதன் தண்ணீர் மட்டுமில்லை. தென்கிழக்கே என்னெதி என்ற மணற்கல் பீடபூமி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. குளிர்காலத்தில் லிபியப் பக்கத்தில் காற்றழுத்தம் கூடும்போது வடகிழக்குக் காற்று தெற்கே பாய்கிறது. முன்னால் திபெஸ்தி மறிக்கிறது. ஏற முடியாத காற்று பக்கவாட்டில் விலகி இடைவெளிக்குள் நெருங்கி நுழைந்து வேகம் பிடிக்கிறது. தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில் ஒடுங்கிய காற்றோட்டமாக அது ஓடுவதை 2005இல் நேரில் போய் முகாமிட்ட ஆய்வுக்குழு அளந்து உறுதி செய்தது.

அந்தக் காற்று நேராகப் போய் விழும் இடம் போதெலே பள்ளம். சாட் நாட்டிலேயே மிகத் தாழ்வான நிலம். பழைய பெருஏரியின் ஆழமான அடித்தரை. ஏரியில் வாழ்ந்த டயாட்டம்களின் ஓடுகள் கோடானுகோடியாக மடிந்து கிடக்கும் இடம். அந்த ஓட்டுப்படிவம் மிக லேசானது. காற்று அதைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. செதில்கள் தரையில் மோதி, ஒன்றோடொன்று மோதி, தூளாகின்றன. ஆண்டில் ஏறக்குறைய நூறு நாட்கள் இங்கே புழுதிப்புயல். அத்தகைய நாளொன்றில் சராசரியாக ஏழு லட்சம் டன் தூசி கிளம்புவதாக ஒரு மதிப்பீடு. உலகிலேயே, ஒரே இடத்திலிருந்து இவ்வளவு தூசி கிளப்பும் நிலம் வேறில்லை.

அதில் ஒரு பகுதி மேற்கே போகிறது. ஆப்பிரிக்காவைத் தாண்டி, அட்லாண்டிக்கைத் தாண்டி, அமேசான் காட்டின் மேல் இறங்குகிறது. நாசா செயற்கைக்கோளின் 2007 முதல் 2013 வரையிலான பதிவுகளைக் கொண்டு செய்த கணக்கில், அமேசான் படுகையில் ஆண்டுக்கு 2.77 கோடி டன் ஆப்பிரிக்கத் தூசி விழுகிறது. அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ். அமேசானின் மண்ணிலிருந்து மழையும் வெள்ளமும் ஆண்டுதோறும் அடித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸும் ஏறத்தாழ இதே அளவு. இதில் போதெலேயின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெரும்பங்கு என்று முதலில் சொன்னார்கள், மேற்கு சகாராவுக்கே பங்கு அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் வாதிடுகிறார்கள். எப்படியானாலும், இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் இடைவெளி வானத்தில் இவ்வளவு பெரிய வேலை செய்கிறது. எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் மலை என்று இனி இதை எப்படிச் சொல்வது?

மக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை குறைப்பட்டது. தூபு இனத்தின் வடபிரிவான தேதா மக்கள் இந்த மலையின் சொந்தக்காரர்கள். தெர்தே என்ற மரபுத்தலைவர் அவர்களுக்கு உண்டு. ஆடும் ஒட்டகமும் வளர்க்கிறார்கள். என்னெரிகளில் பேரீச்சையும் சின்னத் தோட்டங்களும். மழை எங்கே விழுந்ததோ அங்கே மந்தையை ஓட்டுகிறார்கள்; பேரீச்சை பழுக்கும் பருவத்தில் தோப்புகளுக்குத் திரும்புகிறார்கள். ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துத் தேதாக்காரர் மூன்று நாள் ஓட்டுவார், முதல் நாள் தோல், மறுநாள் சதை, மூன்றாம் நாள் கொட்டை என்று சகாராவில் ஒரு பேச்சு உண்டு. சோபோரோம் என்ற இடத்தில் கொதிக்கும் சேறும் வெந்நீர் ஊற்றுகளும் கந்தக ஆவியும் பாறையைப் பிளந்து வருகின்றன. நோய் தீர அங்கே போய்க் குளிப்பது அவர்கள் வழக்கம். எரிமலை இன்னும் முற்றாக அடங்கவில்லை என்பதற்கு அந்த ஊற்றுகளே அடையாளம்.

வெளியார் இந்த மலைக்குள் நுழைய முயன்ற கதை நீண்டது. 1869இல் குஸ்தாவ் நாக்டிகல் என்ற ஜெர்மானிய மருத்துவர் லிபியாவின் மூர்சுக்கிலிருந்து வந்தார். வழியில் தாகத்தில் சாகக் கிடந்து பிழைத்தார். பர்தாயில் கிட்டத்தட்டக் கைதியாக வைக்கப்பட்டார். இரவோடிரவாகத் தப்பித் திரும்பினார். திபெஸ்தியைக் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் அவரே. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இன்னொருவர் வரவில்லை. பிறகு பிரெஞ்சு ராணுவத்தின் ழான் தில்ஹோ முதல் உலகப்போர்க் காலத்தில் இதை அளந்து வரைபடமாக்கினார். 1930-31இல் மரியுஸ் தல்லோனியின் அறிவியல் குழு பாறைகளையும் செடிகளையும் பதிவு செய்தது. 1938இல் வில்ஃப்ரெட் தெசிஜர் ஒட்டகத்தில் வந்தார். அறுபதுகளின் நடுவிலிருந்து பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் பர்தாயில் ஓர் ஆய்வு நிலையமே நடத்தியது. திபெஸ்தியின் நிலவியல் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அந்தப் பத்தாண்டுகளில் சேர்ந்தது. 1974இல் கிளர்ச்சிக்காரர்கள் பர்தாயில் வெளிநாட்டவரைக் கடத்தினார்கள். அவர்களில் ஒருவரான பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஃபிரான்சுவாஸ் கிளோஸ்த்ர் 1977 ஜனவரியில்தான் விடுபட்டார். ஆய்வு அத்தோடு நின்றது.

அதன்பின் போர். மலையின் வடபக்கத்தை உள்ளடக்கிய அவுசு பட்டையை லிபியா தனதென்றது. எண்பதுகளில் இரண்டு நாடுகளும் மோதின. 1994 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அது சாட் நாட்டுக்கே என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு மே மாதம் லிபியப் படை வெளியேறியது. புதைத்த கண்ணிவெடிகள் வெளியேறவில்லை. 2012க்குப் பின் தங்கம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து தோண்டத் தொடங்கினார்கள். சண்டையும் கூடவே வந்தது.

இதனால்தான் இத்தனை பெரிய மலைத்தொகுதியில் நீண்டகாலத் தொடர் மழைப்பதிவும் நிலநடுக்கப் பதிவும் அரிது. எந்த எரிமலை எப்போது கடைசியாகக் கக்கியது என்ற கேள்விக்குத் திட்டமான தேதிகள் சிலவே. சகாராவின் எதிர்கால மழையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் திபெஸ்தி போன்ற மலைகளில் தடுமாறுகின்றன, ஏனென்றால் சரிபார்க்க அளவீடு இல்லை. விலை உயர்ந்த கருவிகூட வேண்டாம். எமி குசியின் விளிம்பிலும் பர்தாய் பள்ளத்தாக்கிலும் தானியங்கி வானிலை நிலையங்கள் சில வைத்து, தேதா இளைஞர்களைப் பயிற்றுவித்து, பத்தாண்டு விடாமல் அளந்தாலே நம் அறிவு பெரிதாக மாறும். அதற்கு முன்னால் கண்ணிவெடிகள் அகற்றப்பட வேண்டும். அது ஆய்வாளருக்காக மட்டுமில்லை; அந்த என்னெரிகளில் நாள்தோறும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக.

திபெஸ்திக்கு நம்மில் பலர் போகப்போவதில்லை. ஆனால் பார்க்கலாம். கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து வடக்கு 20.97, கிழக்கு 16.57 என்று தட்டுங்கள். நேட்ரான் குழி வரும். பிறகு வடக்கு 19.8, கிழக்கு 18.55க்கு நகருங்கள், அது எமி குசி. அங்கிருந்து தெற்கே நகர்த்தினால் தரையில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்ட கோடுகள் தெரியும். காற்று போகும் திசை அது. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.